கச்சான் காற்றுக்குத் தாங்கும் பூந்தோட்டம்

மட்டக்களப்பில் நில அலங்காரத்தைத் தொழிலாகச் செய்ய விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது பூச்செடிகளைப் பற்றித்தான். கிணற்று நீரை வாயில் வைத்து உப்பைப் பார்க்கவும், மண்ணை நனைத்துப் பிசைந்து பார்க்கவும் பழகிய பிறகே செடிக்கு வாருங்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்கிறேன்.

கல்லடி, பாசிக்குடா, பொத்துவில் போன்ற கரையோரங்களில் மண் பெரும்பாலும் மணல். ஊற்றிய நீரும் இட்ட பசளையும் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு விரைவில் இறங்கிவிடும். நிலத்தடியில் உப்பு நீரின் மேல் மெல்லிய படையாகவே நன்னீர் நிற்பதால், வெயில் காலத்தில் மோட்டாரை அளவுக்கு மீறி ஓடவிட்டால் கிணறு உவர்ந்து போகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக நம்மிடம் வந்து இலைகளைக் கருக்குவதும் அதே காலத்தில்தான். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருப்பதும் அம்மாதங்களிலேயே என்பதால், நீர் மிகக் குறைந்திருக்கும் வேளையில் தோட்டம் மிகப் பசுமையாக இருக்க வேண்டும் என்று விடுதிக்காரர் எதிர்பார்க்கிறார். இந்த முரணைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை குறையாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே ஐப்பசி மழை தொடங்கும்போதே நடுகையை முடித்து, மாரி முழுவதும் வேர் கீழிறங்க இடம் கொடுக்க வேண்டும். அதே மாரியில் வெள்ளம் தேங்காமல் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். நிழலும் நீரும் கேட்கும் மலேசியன் புல்லைத் திறந்த வெயிலில் விரிக்காமல் அறுகம்புல்லைப் பரிந்துரையுங்கள். கடல் பக்கம் தாழை, பூவரசு, புன்னை ஆகியவற்றை வைத்தால் உப்புக்காற்றின் வேகம் தணிந்து, உள்ளே செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பிழைக்கும். புன்னை மெதுவாகத்தான் வளரும், ஆயினும் அதன் நிழலுக்காக நான் எந்த வீட்டுக்காரரிடமும் வாதாடுவேன். மணல் மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பன் கொடியைக் களை என்று பிடுங்க வேண்டாம், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருந்தால் விடுதிகளிலும் வெளிநாட்டிலும் வேலை தேடுவதற்கு உதவும். எனினும் ஒரு நாற்றுமேடையில் ஒரு மாரியையும் ஒரு கோடையையும் கழித்தவரின் கைப்பழக்கம் வகுப்பறையில் மட்டும் வந்துவிடாது.

கூலி பேசும்போது மண், எரு, செடி, குழாய், ஆட்கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பட்டுப்போகும் செடியை யார் செலவில் மாற்றுவது, எத்தனை மாதங்களுக்கு என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். தோட்டம் அமைக்கும் பணம் ஒருமுறைதான் வரும். மாதாந்தப் பராமரிப்பு ஒப்பந்தமே ஆட்களைத் தொடர்ந்து வைத்திருக்க உதவும். ஆதலால் அதற்குரிய தொகையையும் முதல் நாளிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.