வெள்ளை பெல்ட் நாட்கள்

ஜூன் 4
கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன். பெங்களூரா ஏற்றிய லாரிகள் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. ஆலைக் கணக்கை முடித்துவிட்டு, ராயக்கோட்டை சாலையில் மகள் படிக்கும் டேக்வாண்டோ என்ற தற்காப்புக் கலை வகுப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். "சாரியோத்" என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். "கியோங்னே" என்றால் குனிந்து வணங்க வேண்டும், எதிரில் நிற்பது சிறுபிள்ளை என்றாலும். இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜூன் 9
இன்று முழுக்க டோல்யோ சாகி, அதாவது வட்ட உதை. பார்ப்பவர் கண்ணில் படுவது வீசும் கால்; பாடுபடுவதோ ஊன்றிய கால். முதலில் முட்டியை மடக்கி உயர்த்த வேண்டும். ஊன்றிய காலின் முன்பாதத்தில் சுழன்று, குதிகாலை எதிராளி பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் இடுப்பு திறந்து கால் சாட்டையாக வீசும். குதிகால் திரும்பாவிட்டால் முறுக்கெல்லாம் முட்டியில் இறங்கிவிடும். மாஸ்டர் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒவ்வொரு உதைக்கும் குதிகால் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். உதைத்த காலை உடனே மடக்கி இழுப்பதுதான் கடினம். வேகத்தைவிட அந்த அடக்கத்துக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

ஜூன் 17
மழை. உடலை வளைக்கும் பயிற்சி மட்டும்.

ஜூன் 22
"பொம்பளப் பிள்ளைக்கு அடிதடி எதுக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உட்கார வைத்து விளக்கினேன். போட்டியில் இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, முகத்தில் குத்தக் கூடாது. மீறினால் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். மார்புக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3; சுழன்று உதைத்தால் இன்னும் கூடுதல். 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக இருந்த இந்தக் கொரியக் கலை, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. கோபக்காரர்களுக்கு இங்கே வெற்றி கிடைக்காது என்று அடித்துச் சொன்னேன். தன் பேத்தியை ஒருநாள் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 6
மஞ்சள் பெல்ட் தேர்வு நெருங்குகிறது. எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசைக்குப் பூம்சே என்று பெயர். அதில் முதலாவது, தேகுக் இல் ஜாங்: 18 அசைவுகள், கடைசிக் குத்தில் "கியாப்" என்ற முழக்கம். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். மொட்டை மாடியில் மகள் ஓர் ஓடு தள்ளி முடிக்கிறாள். எந்தத் திருப்பத்தில் காலடி சிறுத்தது என்று இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.