வலிக்கலையே தாயி

"அப்ப இத்தனை வருஷமா என்னைய நடக்க வச்சது அவன் இல்லையா தாயி?"

2024 தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காகப் போட்டிருந்த எங்கள் பந்தலில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்து நின்றவரின் காலை இழுத்து வைத்துக் கட்டுப்போட ஆரம்பித்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மருந்து மேசையில் கூட்டம். பாதி பேர் ஊசிக்கு நின்றார்கள். "ஒரு வலி ஊசி போட்டு விடுங்க சிஸ்டர், பழனி வரைக்கும் தாங்கிரும்" என்று கெஞ்சுவார்கள். சரியாகத் தண்ணீர் குடிக்காமல் நாலு நாள் நடந்து வந்த உடம்பில் அந்த ஊசியைப் போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது. அதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்தப் பெரியவர் ஊசி கேட்டு வரவில்லை. கூட நடந்து வந்த பையன்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "சாமி நடந்து வர்ற எடத்துல ஈரமா தடம் விழுது சிஸ்டர், என்னன்னு பாருங்க" என்றான்.

பச்சை வேட்டி, கழுத்தில் துளசி மாலை, கையில் ஒரு கம்பு. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் நெடுக வெடிப்பு. அதில் ஒரு வெடிப்புக்குள் கருவேல முள் முறிந்து நின்றது. சுற்றிலும் வெளுத்துப்போய்ச் சீழ் வைத்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். முக்கால் அங்குலம் இருக்கும். இழுக்கும்போது இவர் துள்ளுவார் என்று கணுக்காலை அழுத்திப் பிடித்திருந்தேன். அவரோ என் முகத்தைப் பார்த்து, "நீ காலையில சாப்பிட்டியா தாயி? முகமெல்லாம் வாடிக் கிடக்கு" என்று கேட்டார்.

"வலிக்கலையா ஐயா?"

"வலிக்கவே இல்லையே. மத்தவங்க எல்லாம் திண்டுக்கல் வரதுக்குள்ளயே ஐயோ அம்மாங்கிறாங்க. எனக்குக் கொஞ்ச வருஷமாவே வலின்னு ஒண்ணு இல்ல. குன்றக்குடியில கும்பிட்டுக் கெளம்பினா அவனே தூக்கிட்டு வந்துர்றான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. 22 வருஷமாக நடக்கிறார். நைலான் இழையை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன். பெருவிரல், விரல்களின் அடி, குதிகால் என்று எங்கே தொட்டும் அவர் வாய் திறக்கவில்லை. "எப்ப தொடப்போற?" என்று ஒருமுறை கேட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 386. மாத்திரை என்ன ஆச்சு என்றேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாசாமாசம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். மாலை போட்டதிலிருந்து தொடவில்லையாம். விரதத்தில் மாத்திரை எதுக்கு என்றார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். "ஐயா, வலிக்காம இருக்கிறது அருள் இல்ல. அது சர்க்கரை. உங்க கால் நரம்பு செத்துப்போச்சு. இதோட நடந்தா காலை எடுக்க வேண்டி வரும்."

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும், அதனால் பாதம்தான் முதலில் மரத்துப்போகும். வேர்வை குறையும், தோல் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். வலி இருந்தால் மனுஷன் உட்கார்ந்துவிடுவான். வலி இல்லாததால் நடந்துகொண்டே இருப்பான். நான் அறுவைச் சிகிச்சை வார்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்து விரல், பாதம், முழங்கால் என்று மூன்று தடவை ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்வந்தவர்களுக்கு டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கிறேன். அந்த வாடை எனக்குத் தெரியும். இன்னும் 25 கிலோமீட்டர் சொச்சம் இருந்தது. தார் ரோடு, வெறுங்கால், அதற்கப்புறம் 693 படி. பூசி மெழுகிச் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டு நடந்திருப்பார்.

அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் "நடக்கக் கூடாது" என்பதைச் சொல்ல "அருள் இல்ல" என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டுமா? காலைக் காப்பாற்ற "நடக்கக் கூடாது" என்பதே போதும். "அருள் இல்ல" என்பதை நான் ஏன் சொன்னேன்? தூக்கமில்லாத எரிச்சலா, மாத்திரையை நிறுத்திவிட்டாரே என்ற கோபமா? வரிசை நீண்டுகொண்டே போனது, ஒரே அடியில் பேச்சை முடிக்கப் பார்த்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

முகாம் டாக்டர் வந்து பார்த்து, தடுப்பூசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பெரியவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர்கள் குழுவின் சாமான் வண்டி வரும்வரை பாயில் உட்கார்ந்திருந்தார். பந்தி போட்டிருந்தது. தக்காளி சாதம், முட்டைக்கோஸ் பொரியல். ஒட்டன்சத்திரம் மண்டியிலிருந்து வருஷா வருஷம் காய் மூட்டை வந்து இறங்கிவிடும். பெரியவருக்குச் சாம்பாரும் காயும் மட்டும் வைத்து ஒரு தட்டு கொண்டுபோனேன். வாங்கவில்லை. "நடக்கிறவங்களுக்குக் குடு தாயி. வண்டியில போறவனுக்கு எதுக்கு?" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ராத்திரி சமையல் கொட்டகையில் சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். 15 வருஷமாக இந்தப் பந்தலில் அடுப்படி அவருடையது. அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "முள்ளை ஒன் கண்ணுல காட்டினதும் அவன்தானே. இத்தனை வருஷம் நடக்க வச்சான், இன்னைக்கு உட்காரச் சொல்றான்னு சொல்ல வேண்டியதுதானே?"

எவ்வளவு சுலபமான பதில். அது ஏன் எனக்கு வரவில்லை?

அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேரிடம் அதையே சொல்லிப் பார்த்தேன். கேட்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள், காலுறை கொடுத்தால் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் சொல்லும்போது என் நாக்கு கூசுகிறது. முருகன் சார்பில் பேச நான் யார்? அக்கா நம்பிச் சொன்னார். நான் காரியம் ஆகச் சொல்கிறேன். நான் நம்பாதவள் இல்லை. பெரியவர் போன மறுநாள் விடியற்காலையில், மூன்று நாளாகப் படுக்காமல் எப்படித் தாங்குகிறாய் என்று டாக்டர் கேட்டபோது, "என்னமோ சார், முருகன் புண்ணியம், களைப்பே தெரியல" என்று நானே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. எனக்குக் களைப்பு தெரியாமல் இருப்பது அருள் என்றால், அவருக்கு வலி தெரியாததை இல்லை என்று நான் எந்தக் கணக்கில் சொன்னேன்? இரண்டும் ஒன்றல்ல, என்னுடையது தூங்கினால் சரியாகிவிடும், அவருடையது ஆகாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். விளக்கம் சரிதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகவில்லை.

2025 தைப்பூசம் பிப்ரவரி 11. எட்டாம் தேதி சாயங்காலம் அதே குழு வந்தது. பேனரைப் பார்த்தே கண்டுகொண்டேன். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரிசையாகப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பெரியவர் இல்லை. அந்தப் பையன் இருந்தான். இரண்டு பாதத்திலும் கொப்புளம். நேராக என் மேசைக்கு வந்து, "சிஸ்டர், என்னைய ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தான்.

இருக்கிறது என்றேன். கொப்புளத்தின் ஓரத்தில் ஊசியால் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் மருந்து வைத்துக் கட்டினேன். வழக்கமாக இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அன்றைக்கு வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "பஞ்சு தீர்ந்துபோச்சு, இரு வர்றேன்" என்று எழுந்து உள்ளே போனேன். பெட்டியில் பஞ்சு நிறைய இருந்தது. திரும்பி வந்தபோது அவர்கள் குழு கிளம்பிவிட்டிருந்தது. ரோட்டுக்கு வந்து பார்த்தேன். இருட்டில் ஸ்டிக்கர்கள் மட்டும் மின்னிக்கொண்டு போயின. அரோகரா சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.