தட்டுவடை செட் வண்டிக்குப் பின்னால்

சேலத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது தட்டுவடை செட்தான்; இரண்டு தட்டைகளுக்கு நடுவே காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தருவது. சாயங்காலம் ஆனால் தெருமுனைக்கு ஒரு வண்டி. அதற்கு மதியத்திலிருந்தே வேலை நடக்கிறது: கேரட், பீட்ரூட் துருவ வேண்டும், வெங்காயம் நறுக்க வேண்டும், சட்னி வகைகள் அரைக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பு. வண்டியில் நிற்பவரின் முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் துருவியதெல்லாம் வீண்.

முதலுக்குப் பலருக்கும் தண்டல்தான், அதாவது தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன். 10,000 என்று எழுதிக்கொண்டு, பிடித்தம் போக 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வியாபாரமே இல்லாத நாளிலும் தண்டல்காரர் வந்து நிற்பார். 2020-ல் தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். ஸ்வநிதி கடன் கிடைத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மனதாரச் சொல்கிறேன்.

அப்புறம் 'வண்டியை எடு' என்ற விரட்டல். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பறிமுதல் செய்தது அழுகும் பொருள் என்றால், கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மாம்பழ சீசனில் கூடையோடு உட்காரும் அம்மாக்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்? இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

நீங்கள் வழக்கமாக வாங்கும் வண்டிக்காரரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், மனு எழுத நான் வருகிறேன்.