இல்லாத ரயில் கம்பெனிக்கு நாலு மேனேஜர்கள்

என் மாடல் ரயில் லேஅவுட்டில் தண்டவாளம் போட்டு, வயரிங் முடித்து, வண்டியும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் பார்க்க ஒட்டவில்லை. அவ்வப்போது கிடைத்ததை வாங்கிச் சேர்த்த பெட்டிகள், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத எஞ்சின்கள், எதற்கென்று தெரியாத ஒரு சைடிங் (வண்டியை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதை), இருக்கிற வண்டிகளுக்குத் தேவையே இல்லாத அளவில் ஒரு ஷெட். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. சேர்த்துப் பார்த்தால் கடை அலமாரி.

எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு நிஜப் பாதையை நகலெடுக்கலாம் என்றும் தோன்றியது. அதைவிட, இந்தக் குளறுபடிக்கெல்லாம் யார் பொறுப்பு என்று ஆள் தேடுவது சுவாரசியமாகப் பட்டது. கற்பனைக் கம்பெனிதானே, மேனேஜர்களையும் கற்பனையாகவே நியமித்துவிடலாம்.

கற்பனை ரயில்வேக்கு வரலாறு எழுதும் பலர் மேனேஜரின் மீசை, மாமனார் வீடு வரைக்கும் போய்விடுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும், மாடலில் ஒட்டுவதற்கு அதிலிருந்து ஒன்றும் தேறாது. நான் ஒவ்வொருவரிடமும் கேட்டது இவ்வளவுதான்: கையில் பணம் இருந்ததா, எதை வாங்கினார், எதை வாங்க மறுத்தார், போகும்போது எதை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்களால்தான் லேஅவுட்டே மாறியது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். நிஜத்தில் ஒரு அடிக்கு மாடலில் 4 மி.மீ. என்ற அளவு, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அகலம் 9 மி.மீ. இந்த அளவில் மாடல் செய்கிறவர்கள் அதை 2 அடிப் பாதை என்று வைத்துக்கொள்வது வழக்கம். கணக்குப் போட்டால் சரியாக 2 அடி 3 அங்குலம் வருகிறது. வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்வேயின் அகலமும் அதேதான். உலகில் மிகச் சில பாதைகளுக்கே இருந்த அகலம் அது. அதனால் என் கம்பெனிக்கும் 2 அடி 3 அங்குலம் என்றே முடிவு செய்தேன். இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. ஊரெல்லாம் 2 அடிப் பாதை இருக்கும்போது இந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்தால், பிற்காலத்தில் யாரும் பழைய எஞ்சின் வாங்கிவந்து அப்படியே ஓட்ட முடியாது, சக்கரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆக, முதல் மேனேஜர் வேலையில் சேர்ந்த அன்றே மற்ற மூன்று பேருக்கும் செலவு வைத்துவிட்டார்.

அவர் காலம் குதிரைக் காலம். மலையில் சிலேட்டுக் குவாரி, கீழே படகுத்துறை. இதற்கு முன்மாதிரி வேல்ஸின் பெஸ்டினியாக் ரயில்வே. 1836-ல் திறந்த அந்தப் பாதையில் சரக்கு ஏற்றிய வேகன்கள் சரிவில் தானாகவே இறங்கும், ஆட்கள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். காலி வேகன்களை மேலே இழுக்க வேண்டிய குதிரைகள், இறங்கும்போது தங்களுக்கென்று இருந்த வண்டியில் ஏறிக்கொண்டு வரும். அந்தக் குதிரை வண்டி ஒன்றைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்துவிட்டேன். எதற்கென்று தெரியாத அந்தச் சைடிங் இப்போது அதற்குத்தான். அங்கே துருப்பிடித்துக் கிடக்கிறது, யாரும் அப்புறப்படுத்தவில்லை.

நிஜத்தில் அங்கே சரிவு சுமார் 80-க்கு 1. அதையே மாடலில் வைத்தால் 160 செ.மீ. பலகையில் 2 செ.மீ. தான் ஏற்றம், கண்ணுக்கே தெரியாது. 40-க்கு 1 என்று வைத்தேன். இப்போது ஏற்றம் தெரிகிறது. சின்ன எஞ்சின் மட்டும் மூன்று பெட்டியோடு ஏறத் திணறியது, தண்ணீர்த் தொட்டிக்குள் ஈயத் துண்டு வைத்தபின் ஏறிவிடுகிறது.

இரண்டாமவர் முதலாமவரின் மகன். பெஸ்டினியாக்கிலும் அப்படித்தான், ஜேம்ஸ் ஸ்பூனருக்குப் பின் 1856-ல் மகன் சார்லஸ் ஈஸ்டன் ஸ்பூனர் பொறுப்புக்கு வந்தார். 1863-ல் நீராவி எஞ்சின், 1865-ல் பயணிகள் வண்டி, 1869-ல் இரட்டைத்தலை ஃபேர்லி எஞ்சின் என்று அடுக்கிக்கொண்டே போனவர். என் ஆளுக்கு அந்த உற்சாகம் உண்டு, திறமையில் பாதிகூட இல்லை. வியாபாரம் இரட்டிப்பாகும் என்று நம்பி மூன்று எஞ்சின் நிற்கிற ஷெட்டைக் கட்டிவிட்டார். கடைசி வரை அதில் இரண்டுக்கு மேல் நின்றதே இல்லை. மூன்றாவது பாதையில் இப்போது நிலக்கரிக் குவியலும் உடைந்த ஏணியும். பெட்டிகளுக்கெல்லாம் அடர்பச்சை அடித்ததும் இவர்தான்.

பாறையைக் குடையும்போது மட்டும் கை சுருங்கிவிட்டது. சிலேட்டு வேகன் போனால் போதும் என்று குகையைச் சின்னதாக வெட்டிவிட்டார். இங்கேதான் எனக்குக் கதை பிடிபட்டது.

பெஸ்டினியாக்கில் 1842-ல் வெட்டிய மொயல்வின் குகை அப்படி ஒரு குறுகல். 1920-களில் அந்த ரயில்வேயும் பக்கத்து வெல்ஷ் ஹைலேண்ட் ரயில்வேயும் கர்னல் ஸ்டீபன்ஸ் கைக்கு வந்தன. இங்கிலாந்தின் தென்கிழக்கே டன்பிரிட்ஜில் அலுவலகம் வைத்துக்கொண்டு, காசில்லாத சின்னச் சின்ன ரயில்வேக்களைத் தூரத்திலிருந்தே நிர்வகித்தவர் அவர். வெல்ஷ் ஹைலேண்டில் ஓடிய 'ரஸ்ஸல்' என்ற 1906-ம் ஆண்டு எஞ்சினை பெஸ்டினியாக் பக்கமும் ஓட்டலாம் என்று அதன் புகைபோக்கி, டோம் (பாய்லர் மேல் இருக்கும் குமிழ்), கேபின் கூரை எல்லாவற்றையும் குட்டையாக்கினார்கள். அப்படியும் அது குகைக்குள் நுழையவில்லை! அழகான எஞ்சினை மொட்டையடித்ததுதான் மிச்சம்.

என் மூன்றாவது மேனேஜர் இந்த வகை. ஊர்ப்பக்கம் வராமல் கடிதத்திலேயே வேலை வாங்குவார், வந்தால் சொல்லாமல் வருவார். முதல் உலகப்போரில் பதுங்குகுழிப் பாதைகளுக்காக அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 495 எஞ்சின்கள் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அவை மலிவாகக் கிடைத்தன. என்னிடம் இருந்த பெரிய எஞ்சின் அந்த வகை மாடல்தான், இதுவரை அது இங்கே இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. மலிவு என்று மூன்றாமவர் வாங்கிவிட்டார், சக்கரத்தை மாற்ற ஒரு செலவு, குகையில் நுழைக்க இன்னொரு செலவு.

புகைபோக்கியை அரத்தால் ராவிக் குறைத்தேன். கேபின் கூரையை வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய தகட்டில் தட்டையாக ஒன்று ஒட்டினேன். ரஸ்ஸல் கதையை அப்படியே எடுக்காமல், என் எஞ்சினை நுழையவிட்டேன். ஆனால் மயிரிழை இடைவெளிதான். குகை வாசலின் மேல் விளிம்பில் ஒரு கல்லைக் கொஞ்சம் செதுக்கி, அந்த இடத்தில் மட்டும் வெளிர் சாம்பல் பூசினேன். பழைய கரிப்புகைக்கு நடுவே புதிதாக உளி பட்ட இடம் அது. யாரும் சொல்லாமலே பார்க்கிறவர்களின் கண் அங்கேதான் போகிறது.

பெட்டிகளின் பச்சை மேல் சாம்பல் அடிக்கச் சொன்னதும் மூன்றாமவர்தான். பச்சையைச் சுரண்டாமலேயே அடித்திருப்பார்கள், பட்ஜெட் அப்படி. இதற்கு உப்பு முறையைப் பயன்படுத்தினேன். பச்சை நன்றாகக் காய்ந்ததும், கதவுத் தாழ்ப்பாள், பிரேக் நெம்புகோல், பலகை விளிம்பு என்று கையும் காலும் படும் இடங்களில் மட்டும் தூரிகையால் தண்ணீர் தொட்டு, கல் உப்பைப் பொடித்துத் தூவினேன். அது காய்ந்தபின் மேலே சாம்பல் ஸ்ப்ரே. பிறகு விறைப்பான தூரிகையால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, அடியில் இருக்கும் பச்சை திட்டுத்திட்டாகத் தெரியும். கண்ட இடத்தில் தூவினால் வண்டிக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். பெயின்ட் ஏன் அங்கே உரிந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

நாலாமவர்தான் எனக்குப் பிடித்தவர். எதையும் வாங்காதவர். டாலிலினை 1911-ல் வாங்கிய சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லி, 1950-ல் இறக்கும்வரை அப்படியே ஓட்டினார். அவர் காலம் முழுக்க அங்கே இருந்தவை 1860-களில் வந்த அதே இரண்டு எஞ்சின்கள். வாங்காததை மாடலில் எப்படிக் காட்டுவது? புல்லால்தான். ஸ்லீப்பர் கட்டைகளே தெரியாத அளவுக்குச் செயற்கைப் புல் இழைகளை நட்டேன். இழை தண்டவாள மட்டத்துக்கு மேலே நீட்டினால் சக்கரத்தில் சுற்றிப் பல்சக்கரம் வரை போய்விடும், கரண்டும் தடைபடும். அதனால் 2 மி.மீ. இழை மட்டும், அதையும் காய்ந்தபின் ஒருமுறை கத்தரித்தாயிற்று. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயின்ட் பக்கம் ஒரு இழைகூட வைக்கவில்லை, சின்ன எஞ்சின் ஏற்கெனவே அங்கே தயங்கித்தான் போகும்.

டாலிலினில் அதன்பிறகு 1951-ல் தன்னார்வலர்கள் பொறுப்பேற்றார்கள், அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்வே அதுதான். மூடிய பக்கத்துக் கோரிஸ் ரயில்வேயிலிருந்து இரண்டு எஞ்சின்கள் வாங்கினார்கள். அதன் அகலமும் 2 அடி 3 அங்குலமாக இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். என் கம்பெனிக்கு ஐந்தாவது மேனேஜரைப் போட்டால் புல்லைப் பிடுங்க வேண்டும், பெட்டிக்கெல்லாம் புது பெயின்ட் அடிக்க வேண்டும், உப்பு வேலை எல்லாம் வீண். அதனால் அந்தப் பதவி இப்போதைக்குக் காலி. அடுத்து மூன்றாமவர் வாங்கிப்போட்ட பெட்ரோல் ரயில்காரை, அதாவது எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் பெட்டியை, செய்ய வேண்டும். அதன் வயிற்றுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு மோட்டார்தான் இன்னும் சிக்கவில்லை.