பத்து நிமிட வெயில்

ஹட்டனில் நம் பாடசாலையில் ஜூலை மாதத்தில் வெயிலுக்குக் காத்துக்கிடந்தது, பழைய மாணவர்களான உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பௌதிகவியல் சேர் கண்ணாடி அரியத்தைக் கையில் வைத்தபடி ஆய்வுகூட யன்னலோரம் நிற்பார். பனி விலகி ஒளி விழுந்ததும் சுவரில் நிறமாலை விரியும். நாற்பது பேருக்கு அந்த ஓர் அரியம்தான். முன்வாங்கில் இருந்ததால் நான் அதைக் கையில் பிடித்தேன். உடைந்திருந்த ஒரு முனை உள்ளங்கையில் குத்தியது. பின்வாங்குக்குப் போகுமுன் மறுபடி பனி மூடிவிட்டது. பத்து நிமிடம்கூட இருக்காது.

இன்று கனடாவில் என் வேலையும் ஓர் அரியத்தோடுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வெள்ளி, பொன் நனோத்துணிக்கைகளின் மேற்பரப்பு பிளாஸ்மோன்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன். பெயர்தான் பெரிது. பீலியில் தண்ணீர் பிடித்து வாளியோடு லயத்துக்கு ஏறும்போது தண்ணீர் மொத்தமாக அங்குமிங்கும் அலம்புமே, உலோகத்தில் கட்டில்லாமல் திரியும் இலத்திரன்களும் அப்படித்தான் ஒன்றுசேர்ந்து அலம்பும். அந்த அலம்பலுக்குத்தான் இந்தப் பெயர். 1857இல் விஞ்ஞானி ஃபரடே ஆராய்ந்த பொன் கூழ்மம் (பொன் துணிக்கைகள் மிதக்கும் திரவம்) மாணிக்கச் சிவப்பாக இருந்ததற்குக் காரணம் இந்த அலம்பல்தான்.

ஒரு துணிக்கைக்குள் எந்த இடம் அதிகம் அலம்புகிறது என்று சாதாரண ஒளியால் பிரித்துப் பார்க்க முடியாது. ஒளியின் அலைநீளம் துணிக்கையைவிடப் பெரிது. அதனால் ஒரு நனோமீற்றரிலும் ஒடுங்கிய இலத்திரன் கற்றையைப் புள்ளி புள்ளியாக நகர்த்துகிறோம். 2 இலட்சம் இலத்திரன்வோல்ட் (சக்தியை அளக்கும் மிகச்சிறிய அலகு) சக்தியோடு போகும் இலத்திரன், வெள்ளித் துணிக்கையை அலம்பவைத்தால் ஏறக்குறைய 3 இலத்திரன்வோல்ட்டை அங்கே விட்டுவிட்டு வரும். அவ்வளவு சின்னக் குறைவை எப்படிப் பிடிப்பது? அங்கேதான் காந்த அரியம். சக்தி குறைந்த இலத்திரன் காந்தப்புலத்தில் கொஞ்சம் கூடுதலாக வளையும். சேர் ஒளியைப் பிரித்த மாதிரியே இலத்திரன்களைப் பிரித்து ஒரு நிறமாலை எடுத்துவிடலாம்.

மேற்பரப்புப் பிளாஸ்மோன் இருக்க வேண்டும் என்று 1957இலேயே பௌதிகவியலாளர் ரிச்சி கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளி முக்கோணங்களில் அதை இப்படிப் படமாக்கியது 2007இல்தான், பிரான்சின் ஓர்சே ஆய்வாளர்களும் அவர்களது ஸ்பானிய சகாக்களும். நானும் ஒரு முக்கோணத்தை வைத்துப் பார்த்தேன். குறைந்த சக்தியில் மூன்று மூலைகளும் ஒளிர்ந்தன, நடு இருட்டு. சக்தியைக் கூட்டிப் பார்த்தால் நடு ஒளிர்ந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. அந்த உடைந்த முனைதான் உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது.

நம் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் பாடசாலைக்கு ஏதும் வாங்குவதானால் அரியங்கள் வாங்குவோம். வகுப்புக்கு ஒன்று போதாது, பிள்ளைக்கு ஒன்று வேண்டும். வெயில் வரும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பின்வாங்குப் பிள்ளையும் பிடித்துப் பார்க்கட்டும்.