11.5 ஸ்டோன் வேறு, 11 ஸ்டோன் 5 பவுண்டு வேறு

லண்டனில் இருக்கும் சித்தி தன் எடையை 11 ஸ்டோன் 5 என்பார், அதாவது 11 ஸ்டோன் 5 பவுண்டு. ஸ்டோன் என்பது பிரிட்டனில் புழங்கும் எடை அலகு. நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் 159 பவுண்டு என்பார். மதுரையில் இருப்பவர் 72 கிலோ என்பார். மூவருக்கும் எடை ஒன்றுதான். அமெரிக்காவில் உடல் எடைக்கு பவுண்டு மட்டும். ஸ்டோன் என்றால் அங்கே பலருக்குப் புரியாது. பிரிட்டனில் 1985-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் வியாபாரத்திலிருந்து ஸ்டோனை விலக்கிவிட்டது. ஆனாலும் உடம்பு எடையைச் சொல்லும்போது மக்கள் அதை விடவில்லை.

மாற்றுவதற்குத் தேவையான எண்கள் மூன்றுதான். 1 பவுண்டு 0.45359237 கிலோ. இது தோராயம் இல்லை. 1959 ஜூலை முதல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்ட வரையறை. 1 ஸ்டோன் 14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ. 1 பவுண்டு 16 அவுன்ஸ். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். உடல் எடைக்கு 0.4536 என்று வைத்துக்கொண்டாலே தாராளம்.

மனக்கணக்காகவும் போடலாம். கிலோவைப் பவுண்டாக்க, இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 72 கிலோ என்றால் 144, அதோடு 14.4, ஆக 158.4. சரியான விடை 158.7. பவுண்டைக் கிலோவாக்க, பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 159-க்குப் பாதி 79.5, அதில் 7.95 போனால் 71.55. சரியான விடை 72.12. இந்தத் திசையில் அரைக் கிலோவுக்கு மேல் குறைகிறது. காரணம், நாம் போட்டது 0.45, போட வேண்டியது 0.4536. ஆகவே ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 0.36 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், விடை சரியாகிவிடும்.

பெருக்கலில் தவறுபவர்கள் குறைவு. பெரும்பாலான தவறுகள் புள்ளியில்தான் நடக்கின்றன. 11 ஸ்டோன் 5 பவுண்டை யாரோ 11.5 என்று எழுதுவார்கள். அடுத்தவர் அதை அப்படியே 6.35-ஆல் பெருக்கி 73 கிலோ என்பார். 11.5 ஸ்டோன் என்றால் 11 ஸ்டோன் 7 பவுண்டு. ஸ்டோனில் பாதி 7 பவுண்டு அல்லவா? சரியான வழி, முதலில் எல்லாவற்றையும் பவுண்டாக்குவது: 11 × 14 = 154, அதோடு 5, ஆக 159. பிறகு 0.4536-ஆல் பெருக்கினால் 72.1 கிலோ. திரும்பி வரும்போதும் இதே கவனம் வேண்டும். 160-ஐ 14-ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 11.43 காட்டும். அந்த 43 பவுண்டு இல்லை. 0.43-ஐ 14-ஆல் பெருக்கினால் 6 வரும். விடை 11 ஸ்டோன் 6 பவுண்டு.

பிறந்த குழந்தை விஷயத்தில் இந்தப் புள்ளித் தவறு விளையாட்டில்லை. 7 பவுண்டு 8 அவுன்ஸ் என்று வெளிநாட்டிலிருந்து செய்தி வரும். இதைக் கிராமாக்க, 7 × 16 = 112, அதோடு 8, ஆக 120 அவுன்ஸ்; 28.35-ஆல் பெருக்கினால் 3,402 கிராம். 7.8 பவுண்டு என்று கருதினால் 3,538 கிராம் வரும். 136 கிராம்தானே என்று விட முடியாது. பிறந்த முதல் சில நாட்களில் பெரும்பாலான குழந்தைகள் கொஞ்சம் எடை குறையும். அந்தக் குறைவு பிறந்த எடையில் 10 சதவீதத்தைத் தொட்டால் பால் குடிப்பது சரியாக இருக்கிறதா என்று உடனே பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அந்தக் குழந்தை 3,200 கிராம் இருந்தால் உண்மையான குறைவு 6 சதவீதம், கவலையில்லை. தவறான பிறப்பு எடையை வைத்துக் கணக்கிட்டால் 9.6 சதவீதம். நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையின் தாயை வீணாகக் கலங்கடிக்க இது போதும்.

அடுத்தது மருந்து. குழந்தைகளுக்கான டோஸ் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் வரும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. அதே குழந்தையின் எடை 22 என்று பவுண்டில் குறிக்கப்பட்டு, படிப்பவர் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் 330 மில்லிகிராம், 6.6 மில்லி. இரண்டு மடங்குக்கும் மேல். பவுண்டு–கிலோ குழப்பம் எப்போதும் இந்த அளவிலேயே வரும், 2.2 மடங்கு கூடவோ குறையவோ. அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் எடையைக் கிலோவில் மட்டுமே எடுத்துக் குறிக்க வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வலியுறுத்துவது இதனால்தான்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் இது தலைகீழாக நடக்கும். அந்த லேபிளில் எடை பவுண்டில்தான் இருக்கும்: 24 முதல் 35 வரை 5 மில்லி, 48 முதல் 59 வரை 10 மில்லி. உங்கள் குழந்தை 25 கிலோ என்றால் அது 55 பவுண்டு, அதாவது 10 மில்லி வரிசை. 25-ஐ அப்படியே லேபிளில் தேடினால் பாதி அளவு கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். இன்னொன்று, அந்த சிரப்பின் வீரியம் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். நம் ஊர் 250 சிரப்புக்கு அந்த லேபிளின் மில்லி கணக்கைப் பயன்படுத்தவே கூடாது. மருந்துக்கடையில் எடையைச் சொல்லும்போது எண்ணோடு ‘கிலோ’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல்: எடை கிலோவில், உயரம் அடியில். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ எண்ணைப் போடும்போது 5 அடி 6 அங்குலத்தை 5.6 அடி என்று பலர் போனில் அடிக்கிறார்கள். 5 அடி 6 அங்குலம் 167.6 சென்டிமீட்டர், 5.6 அடி 170.7 சென்டிமீட்டர். 71 கிலோ உள்ளவருக்கு முதல் கணக்கில் பிஎம்ஐ 25.3, இரண்டாவதில் 24.4. இந்தியர்களுக்கு 25-லேயே உடல் பருமன் எல்லை தொடங்குவதாக மருத்துவர்கள் கொள்வதால், ஒரு புள்ளி ஆளையே வேறு பிரிவில் போட்டுவிடுகிறது. அடியையும் அங்குலத்தையும் அங்குலமாக்கி (66), 2.54-ஆல் பெருக்குங்கள். எல்லாமே பவுண்டு, அங்குலத்தில் இருந்தால் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து 703-ஆல் பெருக்கினால் போதும்.

ஜிம்மில் புரதக் கணக்கும் இப்படியே. அமெரிக்க வீடியோக்களில் உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு 1 கிராம் என்பார்கள். 70 கிலோ ஆளுக்கு அது 154 கிராம், கிலோவுக்கு 2.2 கிராம். தீவிரப் பயிற்சி செய்பவர்களுக்குச் சொல்லப்படும் உச்ச அளவு அது. அதை எல்லோருக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு டிஜிட்டல் எடை மெஷினில் திடீரென 159 காட்டினால் பயப்பட வேண்டாம். அடிப்பக்கத்தில் கிலோ, பவுண்டு, ஸ்டோன் மாற்றும் பட்டன் இருக்கும். தூக்கி வைக்கும்போது விரல் பட்டிருக்கும். 11:5 போல இரண்டு எண்களாகத் தெரிந்தால் ஸ்டோன்.

எண்ணைச் சுருக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள். 72.4 கிலோவை 160 பவுண்டு என்று சுருக்கி, அதைத் திரும்பக் கிலோவாக்கினால் 72.6 ஆகிவிடும். வாரம் அரைக் கிலோ குறைக்க முயல்பவருக்கு இந்த 200 கிராம் பெரிய வித்தியாசம். இதற்கு மேல் கூடாது என்ற எல்லை உள்ள இடத்தில் எப்போதும் கீழ்நோக்கியே சுருக்க வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் லைட்வெயிட் பிரிவின் எல்லை 135 பவுண்டு, 61.235 கிலோ. 61.2 என்று வைத்துக்கொண்டால் பத்திரம், 61.3 எல்லை தாண்டியது.

ஸ்டோனுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. 69.8 கிலோ 153.88 பவுண்டு. இதை முதலில் ஸ்டோனாகப் பிரித்தால் 10 ஸ்டோனும் 13.88 பவுண்டும் வரும். பிறகு பவுண்டைச் சுருக்கினால் 10 ஸ்டோன் 14 பவுண்டு என்று எழுதிவைப்பீர்கள். அப்படி ஓர் எடையே கிடையாது. எக்செல்லில் தாள் தயாரிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மொத்தப் பவுண்டை முதலில் 154 என்று முழு எண்ணாக்கிவிட்டு, அதன் பிறகு 14-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 11 ஸ்டோன் 0 பவுண்டு என்று சரியாக வரும்.