“பையன் என்ன சொன்னான் மேடம்?”

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருகிறேன். பிள்ளையிடம் தனியாகப் பேசிவிட்டுக் கதவைத் திறந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் சொல்ல மாட்டேன். முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்து விதியைச் சொல்லிவிடுகிறேன்: உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துவது, பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணம். இவை தவிர மற்றதெல்லாம் பிள்ளைக்கும் எனக்கும் மட்டும். “ஃபீஸ் கட்டுறது நாங்கதானே?” என்று ஓர் அப்பா கேட்டேவிட்டார். கேள்வி நியாயம்தான். ஆனாலும் சொல்லவில்லை.

அடுத்து வருவது தூக்கம் பற்றிய புகார். பருவமடையும்போது, தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது இரவில் தாமதமாகிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். காலையில் எழ முடியாததெல்லாம் சோம்பல் அல்ல. (போனும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.)

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக எரிச்சல், பிடித்த விளையாட்டில்கூட ஆர்வமின்மை, நண்பர்களிடமிருந்து விலகல். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் கோபமாகவும் வரும். வீட்டில் அதற்கு ‘திமிர்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அப்போது நேராகவே கேட்பேன்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடுமோ என்று பெற்றோர் பதறுகிறார்கள். முளைக்காது. பல பிள்ளைகளுக்கு யாரோ கேட்டதே ஆறுதல். ‘ஆமாம்’ என்றால் ரகசியம் அங்கே முடிகிறது. அவனிடம் சொல்லிவிட்டே பெற்றோரை உள்ளே அழைப்பேன்: தனியாக விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், இன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள்.